விளக்கு எரிந்த பிறகும் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ராக் கச்சேரிக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்த இரவில், உங்களில் சிலர் என் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். நானும் இரண்டு நண்பர்களும் சென்னையிலிருந்து ரயிலேறிப் போயிருந்தோம். கடைசிப் பாட்டு முடிந்து கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தபோது ஒருவனைத் தவறவிட்டுவிட்டோம். அவன் வந்து சேரட்டும் என்று தடுப்புக் கம்பி ஓரமாகவே நின்றேன். அதனால்தான் வழக்கமாக யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன்.

வண்ண விளக்குகள் அணைந்தன. வெள்ளை விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அவ்வளவு நேரம் கண்ணில் படாமல் இருந்த கறுப்புச் சட்டைக்காரர்கள் எங்கிருந்தோ வந்து மேடையை நிறைத்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் சும்மா நிற்கவுமில்லை. மேடை விளிம்பில் ஒருவர் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி அடியாக, மறுபடி மேலாக. எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. அது என் மாமாவின் கை.

மாமா மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். பள்ளி விடுமுறையில் நான் அவருக்கு எடுபிடி. ஒயரை முழங்கையில் போட்டுச் சுற்றினால் பொறுக்கமாட்டார். "அப்படிச் சுத்தாத மருமகனே, உள்ளுக்குள்ள முறுக்கு விழுந்துரும். நாளைக்கு வேற ஊர்ல நாமதான் அவுக்கணும்" என்பார். வளையத்தை மாற்றி மாற்றிப் போடக் கற்றுக்கொடுத்தார். எங்கோ லண்டனில் பிறந்த ஒரு குழுவின் மேடையில் அதே பாடத்தை ஒரு கை செய்துகொண்டிருந்தது. அந்தக் கைக்கும் நாளைக்கு வேறு ஊர்தான். மூன்றாம் நாள், ஏப்ரல் 7 அன்று, அவர்கள் மும்பை பிரேபோர்ன் ஸ்டேடியத்தில் வாசித்தார்கள்.

ஸ்டோன்ஸ் என்றாலே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வயதில் எப்படி? பாடகர் மிக் ஜாகரும் கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸும் 1943-இல் பிறந்தவர்கள். இன்னொரு கிட்டார்க்காரர் ரானி வுட் 1947. 2024 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் தொடங்கி, ஜூலை வரை ஊர் ஊராகப் பெரிய ஸ்டேடியங்களில் வாசித்தார்கள். ஜாகருக்கு அப்போது 80 வயது. உடற்பயிற்சி என்பார்கள், பிறவி வாகு என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அறுபது ஆண்டுக்கு மேல் ஒரு குழு மேடையில் நிற்கிறதென்றால், ஒவ்வொரு நாளும் அந்த மேடையைக் கட்டி, காத்து, கழற்றி, அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். அவர்களுடைய ஒரு நாளைத்தான் இந்த மடலில் உங்கள் முன் வைக்கிறேன். முடிவில் உங்களிடம் மூன்று கேட்கப் போகிறேன்.

முதலில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். இயன் ஸ்டூவர்ட். குழுவினருக்கு ஸ்டூ. 1938-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த பியானோக்காரர். குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் ஆள் தேவை என்று கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர். 1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரில் நடந்த முதல் கச்சேரியில் இருந்தவர். அடுத்த ஆண்டு மேனேஜராக வந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம், ஆறு பேர் அதிகம், இவருடைய முகமும் குழுவின் தோற்றத்துக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு செய்தார். ஸ்டூ படத்திலிருந்து எடுக்கப்பட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஸ்டூ வேனை ஓட்டினார். ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கினார். மேடையில் சாமான்களை அடுக்கினார். பிறகு, கூட்டத்தின் கண்ணுக்கு எட்டாத ஓரத்தில் உட்கார்ந்து பியானோவும் வாசித்தார். மைனர் கார்டு அவருக்குப் பிடிக்காது. பாட்டில் அது வந்தால் கையைத் தூக்கிவிடுவார் என்பது குழுவினர் எல்லோரும் சொல்லும் கதை. லாரிக்குள்ளேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கும் யோசனையும் அவருடையதுதான். அந்த வண்டியில்தான் 1971-இல் பிரான்ஸில் கீத் தங்கியிருந்த வீட்டில் ஸ்டோன்ஸ் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவும் அதில்தான் பதிவு செய்தது. இன்று அந்த வண்டி கனடாவின் கால்கரி நகரில் ஓர் இசை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1985 டிசம்பரில், 47 வயதில், ஒரு டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது மாரடைப்பு வந்து ஸ்டூ இறந்தார். 1989-இல் ஸ்டோன்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவர் பெயரையும் சேர்த்தார்கள். கீத் 2010-இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில், இது ஸ்டூவின் குழு, தான் இன்னும் அவருக்காகத்தான் வேலை செய்கிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அறுபது ஆண்டுப் புகழின் அடியில், படத்தில் இடமில்லாமல் வேன் ஓட்டிய ஒருவர் இருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கச்சேரி நாள் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதிக்குச் சில நாட்கள் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஸ்டேடியம் என்பது பந்து விளையாடக் கட்டிய இடம். புல் சாகாமல் இருக்க முதலில் தரை முழுக்கப் பலகை பரப்ப வேண்டும். அதன் மேல் இரும்புச் சட்டம் எழும்ப வேண்டும். இவ்வளவு பெரிய சட்டத்தை ஒரே இரவில் கழற்றி மறுநாள் வேறு ஊரில் நிறுத்த முடியாது. அதனால் பெரிய சுற்றுப்பயணங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இரும்பு மேடைகளை எடுத்துப்போகின்றன. ஓர் ஊரில் பாட்டு நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடை எழும்பிக்கொண்டிருக்கும். தவளை மாதிரி ஒன்றைத் தாண்டி ஒன்று போகும். ஒலி, ஒளி, திரை, வாத்தியம் இவை மட்டும் ஒரே தொகுதி. எல்லா ஊருக்கும் அவையே போகும்.

நம் ஊரில் திருவிழாவுக்குத் தேர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாரத்தின் மேல் ஏறியவனுக்கும் கீழே கயிறு பிடிப்பவனுக்கும் நடுவே அதிகம் பேச்சு இருக்காது, கண் ஜாடைதான். இங்கேயும் ரிக்கர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. உயரத்தில் ஏறிச் சங்கிலி மோட்டார்களை மாட்டுகிறவர்கள். ஸ்பீக்கர் அடுக்கு எத்தனை டன், விளக்குச் சட்டம் எத்தனை டன், எந்தப் புள்ளி எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துத்தான் தொங்கவிடுவார்கள். நீங்கள் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டும் அந்த ஒளிவெள்ளம் முழுவதும் யாரோ ஒருவர் விடிகாலையில் முடுக்கிய கொக்கிகளில் தொங்குகிறது.

கச்சேரி நாள் காலையில் லாரிகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டிகள் இறங்கும். எந்தப் பெட்டி முதலில் இறங்க வேண்டும் என்பது முந்தின ஊரில் ஏற்றியபோதே முடிவாகியிருக்கும். கடைசியில் ஏற்றியதுதான் முதலில் கைக்கு வரும். மாமாவின் வண்டியிலும் அதே முறைதான்: குழாய் ஸ்பீக்கர் மேலே, ஆம்ப்ளிஃபயர் அடியில். ஊருக்குள் நுழைந்ததும் மரத்தில் குழாயைக் கட்டி முடித்த பிறகுதானே ஆம்ப்ளிஃபயருக்கு வேலை.

காலைச் சாப்பாடு முக்கியம். இந்தக் கூட்டத்தோடு சமையல்காரர்களும் பயணம் போகிறார்கள். மூன்று வேளையும் அரங்கிலேயே அடுப்பு எரியும். கீத் ரிச்சர்ட்ஸுக்கு ஷெப்பர்ட்ஸ் பை மேல் தீராத ஆசை. உருளைக்கிழங்கு மசியலை மேலே பரப்பிச் சுடும் ஆங்கிலேயர் வீட்டு இறைச்சிப் பதார்த்தம் அது. அவர் கரண்டி படும் முன் வேறு யாரும் அதன் மேல்பரப்பை உடைக்கக்கூடாது என்பது மேடைக்குப் பின்னால் எழுதாத சட்டம். சட்டம் இயற்றியவரின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அதைத் தினமும் ஒவ்வோர் ஊரிலும் சுட்டு இறக்குகிறவரின் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது.

நடுப்பகலில் ஒலிக்காரர்களின் நேரம். உங்களில் பலர் பின்வரிசை டிக்கெட் வாங்குகிறவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்கு டிரம் அடி வந்து சேர கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். தூரத்தில் நிற்பவர்களுக்காக மைதானத்தின் நடுவே கோபுரம் நட்டு அதிலும் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். கேபிள் வழியாக ஒலி அங்கே கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடும். கோபுரம் உடனே முழங்கினால், மேடையிலிருந்து நடந்து வரும் ஒலி பின்னால் வந்து அதன்மேல் விழும். ஒரே அடி இரண்டாகக் கேட்கும், சொல் குழறும். எனவே கோபுரத்துக்குப் போகும் ஒலியைத் தூரத்துக்குத் தக்கபடி பிடித்துவைத்து விடுகிறார்கள்.

அதோடும் முடியவில்லை. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். பிற்பகல் வெயிலில் அளந்த கணக்கு இரவுக் குளிரில் பிசகும். ஆகவே பாட்டு நடக்கும்போதும் ஒருவர் மைதானம் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். பின்வரிசையில், பக்கவாட்டில், தூண் மறைவில் நின்று கேட்பார், திருத்தச் சொல்வார். அடுத்த முறை பாட்டின் நடுவில் ஒருவர் உங்கள் அருகே வந்து, மேடையைப் பார்க்காமல் தலையைச் சாய்த்து நின்றால், வழி விடுங்கள். அவர் உங்களுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 1965 டிசம்பர் 3 அன்று கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோவில், கீத்தின் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து அவர் மேடையிலேயே நினைவிழந்து விழுந்தார். காலில் போட்டிருந்த ரப்பர் அடி வைத்த ஷூதான் உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அன்று அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. இதைப் படித்த நாளில் மாமா ஞாபகம் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அவர் செய்யும் முதல் வேலை, ஈரமண்ணில் கம்பி அடித்து எர்த் கொடுப்பது. பிறகு டெஸ்டரை மைக்கின் தலையில் வைத்துப் பார்ப்பார். பாடுகிறவரின் உதடு படுகிற இடம் அது. இன்று ஸ்டோன்ஸ் மேடையில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். எண்பது வயதுப் பாடகர் ஈரத்தரையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்க முடிகிறதென்றால், அதற்கு முன் ஒருவர் மண்டியிட்டு எர்த் பார்த்திருக்கிறார்.

பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேடையின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டறை நடக்கும். கிட்டார்கள் வரிசையாக நிற்கும். கீத்தின் கிட்டார்கள் பலவற்றில் ஐந்து தந்திதான். ஆறாவதைக் கழற்றிவிடுவார். மிச்சம் ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்த்து, அதில்தான் 'பிரவுன் ஷுகர்', 'ஸ்டார்ட் மீ அப்' போன்றவற்றை வாசிப்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியும் தந்தி அமைப்பும் மாறுவதால் ஒரே கிட்டாரைக் கச்சேரி முழுக்க வாசிக்க முடியாது. பியர் டி போபோர் என்பவர் பல ஆண்டுகள் கீத்தின் கிட்டார்களைக் கவனித்தவர். தந்தி மாற்றுவது, சுருதி சேர்ப்பது, பாட்டு முடிந்த கைத்தட்டலுக்குள் ஒன்றை வாங்கி இன்னொன்றைத் தோளில் மாட்டிவிடுவது எல்லாம் அந்த ஓரத்தில் நடக்கும். கீத்தின் மைக்காபர் என்ற டெலிகாஸ்டர் கிட்டார் 1950-களில் செய்தது. எழுபது ஆண்டு வயதான மரம். அது வெயிலிலும் மழையிலும் கண்டம் விட்டுக் கண்டம் போய் இன்னும் சுருதியில் நிற்கிறதென்றால், பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் கைகள் அதற்கு இருக்கின்றன.

கீபோர்டு வாசிக்கும் சக் லெவெல் 1982-இல் வந்தவர். வசிப்பது அமெரிக்காவின் ஜார்ஜியாவில், அங்கே மரம் வளர்க்கும் பண்ணைக்காரர். ஒவ்வொரு பாட்டையும் எந்த வேகத்தில் எடுத்தார்கள், எப்படி முடித்தார்கள், எந்த ஊரில் எந்த வரிசையில் வாசித்தார்கள் என்று கைப்பட எழுதிய தடித்த குறிப்பேடுகள் அவரிடம் இருக்கின்றன. அன்றைய பாட்டு வரிசையை அவரும் ஜாகரும் பேசி முடிவு செய்வார்கள். அது முடிவானதும் விளக்குக்காரர், திரைக்காரர், கிட்டார்க்காரர் என்று எல்லோர் கைக்கும் தாள் போகும். ஒரு பாட்டு மாறினால் நூறு பேரின் இரவு மாறும்.

மாலையில் குழு வருகிறது. சிறிது நேரம் வாசித்துப் பார்க்கிறார்கள். வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஸ்டோன்ஸ் வாசிப்பதைக் கேட்கும் பேறு மேடைத் தொழிலாளிகளுக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் கேட்பது பாட்டை அல்ல. எங்கே இரைகிறது, எது குறைகிறது என்பதைத்தான்.

புகழின் உச்சியில் இருப்பவருக்கும் இந்த வாழ்க்கை தனிமையானதுதான். டிரம்மர் சார்லி வாட்ஸ் 1967 முதல், பயணத்தில் தான் படுத்த ஒவ்வொரு ஓட்டல் கட்டிலையும் ஓவியமாக வரைந்துவைத்தார். கட்டிலைப் போய் வரைந்தாரே, அதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தொழிலாளிகளின் கட்டில் இன்னும் சின்னது. அவர்கள் பெரும்பாலும் உறங்குவது ஓடும் பஸ்ஸில், ரயில் பெர்த்தைவிடக் குறுகிய அறையில். கால் டிரைவர் பக்கம் இருக்கும்படி படுக்க வேண்டும் என்பது அந்த பஸ்களின் வழக்கம். சடாரென்று பிரேக் போட்டால் தலை மோதக்கூடாதல்லவா. மகளின் பிறந்தநாள், அம்மாவின் ஆபரேஷன், அண்ணனின் சாவு எல்லாம் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் தொலைபேசியில்தான் வந்து சேரும்.

இதுவரை சொன்னது உழைப்பு. இனிச் சொல்வது உயிர்.

1969 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் பந்தயத் திடலில் ஸ்டோன்ஸ் இலவசக் கச்சேரி நடத்தினார்கள். இடம் கடைசி நேரத்தில் மாறியது. முதலில் பேசிய இடத்தில் மேடை மேட்டின் உச்சியில் இருந்திருக்கும். அதனால் அதற்கு உயரம் தேவைப்படவில்லை. மாறிப்போன இடத்திலோ மேடை சரிவின் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. உயர்த்திக் கட்ட நாள் இல்லை. ஒரு மீட்டர் உயரமே இருந்த மேடையை நோக்கிச் சுமார் 3 லட்சம் பேர் சரிந்து வந்தார்கள். காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கூட்டம். அன்று நான்கு பேர் இறந்தார்கள். மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் மேடைக்கு எதிரிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அந்த நாளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். என் மனதில் நிற்பது இதுதான்: மேடை கட்டுகிறவர்களுக்கு இன்னும் சில நாட்கள் கொடுத்திருந்தால், அந்த மேடையாவது ஆள் உயரத்துக்கு எழும்பியிருக்கும்.

2012 ஜூன் 16 அன்று கனடாவின் டொரண்டோவில் ரேடியோஹெட் என்ற ராக் குழு வாசிக்க இருந்த மேடையின் கூரை சரிந்தது. வாசல் திறக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. டிரம்களைச் சரிபார்க்கும் தொழிலாளி ஸ்காட் ஜான்சன், 33 வயது, அதன் அடியில் இறந்தார். ஒரு மணி நேரம் தள்ளிச் சரிந்திருந்தால் கீழே ரசிகர்களும் இருந்திருப்பார்கள். அதற்கு முந்தின ஆண்டு ஆகஸ்டில் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் சூறைக்காற்றில் மேடைக் கூரை விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். காற்றுக்கும் இரும்புக்கும் யார் எவ்வளவு புகழ்பெற்றவர் என்று தெரியாது.

மறுபடி அந்தக் கச்சேரி நாளுக்கு வருவோம். கச்சேரி தொடங்கும்போது நீங்கள் வருகிறீர்கள். இரண்டு மணி நேரம் உங்களுடையது. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசிப் பாட்டின் ஒலி அடங்கும் முன்பே குழு வண்டியில் ஏறிவிடும். கைத்தட்டல் ஓயும்போது அவர்கள் சாலையில் இருப்பார்கள். கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு அப்போதுதான் நாளின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. மைக், வாத்தியம், விளக்கு, ஸ்பீக்கர், திரை என்று வரிசையாக இறங்கும், பெட்டிக்குள் போகும், லாரியில் ஏறும். பதினைந்து மணி நேரம் நின்று உழைத்த உடம்பு டன் கணக்கான இரும்பைத் தலைக்கு மேலிருந்து இறக்கும் நேரம் அது. அவர்களுக்கு ஆபத்தான நேரமும் அதுதான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து ஸ்டோன்ஸின் அந்த ஆண்டுப் பயணம் தள்ளிப்போனது. உலகம் முழுக்க மேடைகள் இருண்டன. பயணம் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை என்று வாழ்கிறவர்கள் இவர்களில் பெரும்பாலோர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மேடைத் தொழிலாளர்கள் பிரிட்டன் முழுவதும் நூற்றுக்கணக்கான கட்டடங்களைச் சிவப்பு ஒளியில் நனைத்து, நாங்கள் இருக்கிறோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். மற்றவர்கள் முகத்தின்மேல் ஒளி போட்டே பழகியவர்கள், தங்களுக்காக விளக்கேற்றினார்கள்.

2021 ஆகஸ்ட் 24 அன்று சார்லி வாட்ஸ் மறைந்தார். அடுத்த மாதம் 26-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் பயணம் மறுபடி தொடங்கியது. ஸ்டீவ் ஜோர்டன் டிரம் வாசித்தார். தொடக்கத்தில் மேடை வெறுமையாக இருந்தது. சார்லியின் டிரம் ஒலி மட்டும் கேட்க, திரையில் அவர் முகங்கள் வந்து போயின. கூட்டம் கலங்கியது. அந்தப் படங்களை ஒழுங்குபடுத்தி, ஒலியைச் சேர்த்து, சரியான நொடியில் ஓடவிட்டவர்களும் அவரை இழந்தவர்கள்தான். ஒன்றாகப் பயணம் போனவர்கள். அழுதுகொண்டே பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

நண்பர்களே, ஆரம்பத்தில் சொன்ன மூன்று வேண்டுகோளுக்கு வருகிறேன்.

ஒன்று. காற்றோ மின்னலோ வந்து கச்சேரியை நிறுத்தினால், வாசல் திறக்கத் தாமதமானால், சத்தம் போடாதீர்கள். யாரோ ஒருவர் கூரையைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லத் துணிந்திருக்கிறார். பல கோடி ரூபாய்க்கு எதிராக ஒரு தொழிலாளி சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு நம் பொறுமைதான் பக்கபலம்.

இரண்டு. கச்சேரி நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: மேடை கட்ட எத்தனை நாள் கொடுத்தீர்கள், கட்டினவர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று. இப்போது நம் ஊர்களிலும் வெளிநாட்டுக் குழுக்கள் பெரிய மேடை போடுகின்றன. 2025-இல் சென்னை நந்தனத்தில் எட் ஷீரன் பாடினார். மும்பையில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் வாசித்தது. டிக்கெட் விலை, கார் நிறுத்தும் இடம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கேட்கிறோம். இதையும் கேட்போம். இங்கே அந்த மேடைகளில் சுமை தூக்குகிறவர்கள் நம் தம்பிகள்.

மூன்று. பெயர்களைக் கேளுங்கள். நாம் பார்க்கும் சினிமா முடியும்போது லைட்மேன், டிரைவர், சமையல் உதவியாளர் வரை பெயர் ஓடுகிறது. விலை கொடுத்து வாங்கும் சுற்றுப்பயணப் புத்தகத்தில் மேடைத் தொழிலாளர் பெயர்களை அச்சிடுவது உண்டு. ஆனால் ஐம்பதாயிரம் பேர் பார்க்கும் அந்தப் பெரிய திரையில் அவை வருவது அரிது. கடைசிப் பாட்டுக்குப் பின் இரண்டு நிமிடம் அந்தத் திரை சும்மாதானே இருக்கிறது? பெயர்கள் ஓடட்டும். ஸ்டூவின் பெயர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போக 26 ஆண்டும் ஒரு மரணமும் தேவைப்பட்டன. இன்று வேலை செய்கிறவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகவேண்டாம்.

என் மாமா இப்போது இல்லை. அவர் மைக் செட் போட்ட எந்தத் திருவிழா நோட்டீஸிலும் அவர் பெயர் 'ஒலி, ஒளி' என்ற சொல்லைத் தாண்டி வந்ததில்லை. அவர் சுருட்டிவைத்த ஒயர் ஒரு வளையம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது எடுத்து ஒரு நுனியைப் பிடித்து வீசிப் பார்த்தேன். ஒரு முறுக்கு இல்லாமல் முற்றத்தின் கடைசி வரை நீண்டு விழுந்தது.

அடுத்த முறை நீங்கள் கச்சேரிக்குப் போகும்போது, வெள்ளை விளக்கு எரிந்ததும் உடனே வாசலைத் தேடாதீர்கள். ஒரு நிமிடம் திரும்பி மேடையைப் பாருங்கள். அங்கே ஒருவர் குனிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருப்பார். அவருக்காக ஒருமுறை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். நமக்கு வீடு இருக்கிறது. அவருக்கு நாளைக்கு வேறு ஊர்.

அன்புடன்,
அன்று தடுப்புக் கம்பி ஓரம் நின்ற உங்களில் ஒருவன்
சென்னை